வலிக்காத பல்

சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வருகிறது என்று தெரிந்த அரைமணி நேரத்தில் அழகேசனுக்குப் பல்வலி வந்தது. கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

சயாம் நாட்டில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் சுங்கைப்பட்டாணி வட்டார ரப்பர்த் தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர் ஒருவரும் திரும்பவில்லை.

"பல்வலிக்கெல்லாம் விட மாட்டானுங்கடா," என்றார் கங்காணி ராமையா. "காலையில லாரி வந்துரும். அதுக்குள்ள மருந்து போட்டுக்க."

தோட்டத்து ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வைத்தியமென்றால் பக்கத்து வீட்டுச் செல்லாயிதான். கூப்பிடாமலேயே வந்து நின்றாள்.

"வாயைத் திற. எந்தப் பல்லு?"

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "கடைசிப் பல்லுக்கா."

கொய்யா இலையை உப்புப் போட்டுக் காய்ச்சி, ஆறவிடாமல் கொப்பளிக்க வைத்தாள். நாக்கு வெந்தது.

"குறைஞ்சிருக்கா?"

குறைந்தால் சயாம். "கூடிருச்சுக்கா."

"அப்ப பூச்சிதான்லா."

கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையை மூங்கில் குழாய் வழியே வாய்க்குள் விட்டாள். இருமி இருமி அவனுக்குக் கண் சிவந்தது. போதும், குணமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். வாசலில் கங்காணியின் குரல் கேட்டது.

"என்னடா, தேவலையா?"

"ஐயோ, உயிர் போகுது!"

செல்லாயி வெளியே போய் எருக்கஞ்செடியை ஒடித்து வந்தாள். பாலைப் பஞ்சில் தோய்த்து ஈறில் அழுத்தினாள். மிச்சத்தைக் கன்னத்திலும் தேய்த்தாள்.

விடிந்தபோது ஒரு பக்க முகம் பூசணிக்காய் அளவு இருந்தது. ஒரு கண்ணைக் காணோம். காய்ச்சல் கொதித்தது. இப்போது நிஜமாகவே வலித்தது.

"நான் லாரியிலயே ஏறிடுறேன்," என்று அழுதுகொண்டே போய் வரிசையில் நின்றான். "அங்கயாச்சும் டாக்டர் இருப்பான்."

ஜப்பான் சிப்பாய் அவன் முகத்தைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். தூரப் போ என்று துப்பாக்கியால் சைகை காட்டினான்.

செம்மண் சடக்கில் லாரி மறைந்ததும் அழகேசன் செல்லாயியிடம் பாய்ந்தான்.

"என்னக்கா மருந்து இது? பல்லுல ஒண்ணுமே இல்ல! நான் சொன்னது பொய்யி!"

"தெரியும்," என்றாள் செல்லாயி. "என் வீட்டுக்காரரும் பல்வலின்னுதான் சொன்னாரு. கன்னம் வீங்கலையேன்னு ஏத்திட்டுப் போயிட்டானுங்க."