புரதத்துக்காகச் சண்டை போட்டவர்

வளைகுடாவில் நம் ஆட்கள் சாப்பாட்டுக்கு, லீவுக்கு, குளியலறை வரிசைக்கு எல்லாம் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத ஒரு புரதத்துக்காகச் சண்டை போட்டவர், ராஸ் அல் கைமாவில் எங்கள் கேம்பில் இருந்த 'செல்' அண்ணன் ஒருவர்தான். விலங்கியல் படித்த திருநெல்வேலிக்காரர்; எதைப் பேசினாலும் உடம்பின் செல்லில் கொண்டுபோய் முடிப்பதால் அந்தப் பெயர். டைல்ஸ் குடோனில் என்னோடு லோடிங். பெயரை நம்பி போன் ரிப்பேருக்கு வருபவர்களை அவர் திட்டுவது மூன்று பிளாக் தள்ளிக் கேட்கும்.

ஒருநாள் சூப்பர்வைசர், "கழுதைகளா, யல்லா யல்லா" என்று விரட்டினார். செல் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"யாரு கழுதை? உம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நுண்குழல்னு மெல்லிசா தடம் இருக்கு. அதுமேல கைனசின்னு ஒரு புரதம், ரெண்டு காலால நடந்து, தன்னைவிடப் பெரிய மூட்டையத் தூக்கிட்டுப் போகுது. டைனீன்னு இன்னொண்ணு எதிர்த்திசையில சுமக்கு. அதுங்க சுமக்கலேன்னா உமக்கு யல்லா சொல்ல வாயே திறக்காது. சுமக்கவனுக்கு மரியாதை தாரும்."

சூப்பர்வைசருக்குப் புரதம் புரியவில்லை, திமிர் புரிந்தது. செல்லுக்கு ஒரு வாரம் வெயிலில் யார்டு டூட்டி. அங்கேயும் ஒரு பட்டான் டிரைவரிடம் அரைகுறை இந்தியில் டைனீனைப் பற்றிக் கோபமாக விளக்கினார். அவர் பயந்துபோய் "அச்சா பாய், அச்சா" என்றார்.

அந்த வாரம்தான் எனக்கு யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் வீங்கியது. லீவு கேட்டேன். "மாஃபி, லீவெல்லாம் கிடையாது" என்றார் சூப்பர்வைசர். நடந்தாக வேண்டுமே என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த கோல்சிசின் மாத்திரையை இரண்டே நாளில் இரண்டு அட்டை விழுங்கினேன். வாந்தியும் பேதியுமாக ரூமில் சுருண்டு கிடந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு வந்த செல் காலி அட்டைகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ரெண்டு அட்டையுமா? மூளை இருக்கால உனக்கு? அந்த நுண்குழல் தடத்தையே கட்டவிடாமப் பண்ற மருந்துல இது. அளவாப் போட்டா வீக்கம் வத்தும். இப்படி முழுங்குனா உடம்பு பூரா சரக்குப் போக்குவரத்து நின்னுரும். சாவணுமா?"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டார் செல். "ஷிப்ட் முடியட்டும், வண்டி தர்றேன்" என்றார் சூப்பர்வைசர். செல் நேராகப் போய்க் கம்பெனி வண்டியின் முன்னால் நின்றார். "இவனை ஏத்தாம இது நகராது. நகரணும்னா என்மேல ஏத்திட்டுப் போங்க." இந்தத் தடவை கத்தவில்லை. சூப்பர்வைசர் சாவியைக் கொடுத்தார்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தேன். "இன்னும் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும்" என்றார் மருத்துவர். செல்லுக்கு, வண்டியை மறித்த குற்றத்துக்காக விசா கேன்சல். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அதே நாற்காலிதான். நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிறுதோறும் செல் ஊரிலிருந்து போன் செய்கிறார். "தண்ணி குடிக்கியா, இல்ல அதுக்கும் நான் விமானம் ஏறி வரணுமால?" என்று தொடங்கி அரைமணி நேரம் திட்டுகிறார். நான் குறுக்கே பேசுவதில்லை. வாரத்தில் என்னைப் பற்றி ஒருவர் கவலைப்படும் ஒரே நேரம் அது.