அடுப்பு வசனம் யாருடையது?

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனருக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்காள் வழக்கம்போல் சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எழுதிக்கொள்வது என்று சொன்னேனே தவிர, நான் சொல்லச் சொல்ல டைப்ரைட்டரில் தட்டிக்கொண்டிருப்பவள் உன் அக்காள்தான். அவளைப் பற்றிய புகாரை அவளையே தட்டச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம் என்று நீ கேட்கலாம். என் கையெழுத்து எனக்கே விளங்காது. உன் கல்யாணத்துக்கு நான் கைப்பட எழுதிய வாழ்த்தை உன் மாமனார் மருந்துச் சீட்டு என்று நினைத்துக் கடையில் நீட்டியதை நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒரு கல்லூரி விரிவுரையாளர் என்னையும் என் நாடகங்களையும் பற்றி வாரப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். எதையும் மூக்குக்கு அருகில் வைத்துப் படிப்பதால் நாடகக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. பார்சல் ஆபீஸில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு அரண்மனைச் சதி எப்படித் தெரியும், ராணியின் மனசு எப்படித் தெரியும், ஆகவே அந்த நாடகங்களை வேறு யாரோதான் எழுதியிருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. இவர் எந்த அரண்மனையில் வாடகைக்கு இருந்தார் என்று நான் கேட்கவில்லை. முதலில் எங்கள் மாடியில் குடியிருந்த வக்கீல் மேல் சந்தேகப்பட்டார், நீதிமன்றக் காட்சிகள் அவ்வளவு சுத்தமாக இருக்கின்றனவாம். அந்த வக்கீல் கோர்ட்டில் வாயே திறக்க மாட்டார் என்பது ஊரறிந்த சேதி. அடுத்து எங்கள் குழுவில் ராஜா வேஷம் போட்டவர். கிரீடம் வைத்துவிட்டால் சொந்தப் பெயரையே பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். அதற்கும் அடுத்து, காலமாகிவிட்ட எங்கள் தையல்காரர். ‘ஆமா, எங்கப்பாதான் எழுதினாரு, சட்டையெல்லாம் லேட்டானதே அதனாலதான்’ என்று அவர் குடும்பம் இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதுவரைக்கும் எல்லாம் தமாஷாகத்தான் இருந்தது. நான் வேலை செய்யும் விதத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தபோதுதான் விவகாரம் முற்றியது. அந்த விதம் உனக்குத் தெரியும். நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்வேன். உன் அக்காள் சமையலறை வாசலில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை அடுப்பில் வைத்தபடி தட்டுவாள். காதில் விழுந்ததையெல்லாம் தட்டுவாள், மச்சான். நான் சொன்னது, அவள் சொன்னது, வாசலில் பேப்பர்காரர் சொன்னது என்ற பேதமே கிடையாது. மந்திரியை வெட்ட ராஜா வாளை ஓங்குகிற காட்சியை நான் குடையை ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தட்டிக்கொண்டே அவள், ‘வெட்டுறது இருக்கட்டும், முதல்ல இந்த அடுப்பை அணைச்சுட்டுப் போங்க’ என்றாள். என்னிடம் சொன்னதை அப்படியே தட்டி ராணி பெயரில் போட்டுவிட்டாள். நானும் படித்துப் பார்க்காமல் ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டேன். அரங்கேறிய அன்று கைதட்டல் அடங்காமல் ராஜாவுக்குக் கை கடுத்து, வாளை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அதிகாரத்தை அன்றாட வாழ்க்கை கேலி செய்கிற இடம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். வேண்டுமென்றேதான் வைத்தேன் என்று நானும் பேட்டி கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

பூதக்கண்ணாடி எங்கள் வேலையைப் பார்த்தார், காபியைக் குடித்தார், என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

‘அம்மா, அந்த அடுப்பு வசனம் யாரு எழுதினது?’

‘அடுப்பு எங்க வீட்டு அடுப்புதாங்க.’

‘வசனம்?’

‘ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்றேனே.’

ஞாயிற்றுக்கிழமை என்ன கூட்டம் தெரியுமா? நாடகச் சங்கம் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு என் பெயரை வைக்கிற விழா. பலகை எழுதுகிறவர் ‘நாடக அரங்கம்’ என்று கீழே எழுதிவிட்டு, மேலே இடம் விட்டு, ஏணியை மடக்கிச் சாத்திவிட்டார். ‘அம்மா பேசி முடிக்கட்டும் சார், அழிச்சு எழுதினா பெயிண்ட் பல்லிளிக்கும்’ என்கிறார். நான் எதற்கும் அலட்டிக்கொள்கிறவன் இல்லை. ஆனால் அந்தக் காலி இடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது, மச்சான். நடந்தது போதும் கொஞ்சம் உக்காருங்க எனக்குத் தலை சுத்துது. பார்த்தாயா, இதையும் தட்டிவிட்டாள்!

அந்த ஒரு வசனத்தை அவளுக்கே விட்டுக்கொடுக்க நான் தயார். மற்றதெல்லாம் என்னுடையது. அதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. உன் மனைவியின் முதல் பிரசவத்துக்கு உன் அக்காள் அங்கு வந்து தங்கியிருந்தாளே, அப்போது கடைத்தெருவிலிருந்து ஒரு டைப்பிஸ்டை வரவழைத்து ஒரு முழு நாடகத்தைச் சொன்னேன். தங்கமான மனுஷர், நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தட்டிக் கொடுத்தார். நாடகம் படுத்துவிட்டது. இடைவேளையில் வெளியே போனவர்கள் திரும்பவே இல்லை. அவர்களில் ராணியாக நடித்த அம்மாளின் கணவரும் ஒருவர். டைப்பிஸ்ட் சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட எழுத்தாளனுக்கும் இதுதான் கதி.

அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். சனிக்கிழமையே வந்து பக்குவமாக எடுத்துச் சொல். கூட்டத்தில் என்ன சொல்லப் போகிறாய் என்று நானே அவளிடம் கேட்டிருக்கலாம்தான். கேட்டு, அவள் பதில் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

உன் பெரியவனுக்குப் படிப்பும் சின்னவளுக்குப் பசியும் குறையாமல் இருக்க என் ஆசிகள். உன் மனைவியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. உன் அத்தான் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னது இவ்வளவுதான்: ‘மச்சானுக்கு ஒரு லெட்டர் போடு. ஞாயித்துக்கிழமை விஷயமா மனசு சரியில்லைன்னு சொல்லு. வரச் சொல்லு.’ சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மற்றதையெல்லாம் நான் தட்டினேன், வழக்கம்போல. பயமாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறார், எனக்குத் தெரியாதா? கூட்டத்தில் ‘அவர் சொன்னார், நான் தட்டினேன்’ என்றுதான் சொல்லப் போகிறேன். அவர் கூடத்தில் நடக்காவிட்டால் எனக்கும் ஒரு வரி ஓடாது. நீ என்னிடம் எதுவும் பேச வேண்டாம், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். குளித்துவிட்டு வந்தவர், பின்குறிப்புக்கு மேலே உள்ளதை முழுக்கப் படித்துப் பார்த்தார். ‘பரவாயில்லையே, நான் சொன்னது ஒரு வார்த்தை விடாம வந்திருக்கு’ என்றார். மேலே ‘உன் அத்தான்’ பக்கத்தில் கிறுக்கலாகத் தெரிவது அவர் கையெழுத்து. அது மட்டும் அவரே போட்டது.