ஏழு உறைகளும் ஒரு கிறீச்சும்

அன்புள்ள அக்காவுக்கு,

"ஒரே பாட்டை எதுக்கும்மா ஏழு தடவை வாங்கி வச்சிருக்கே?" என்று அத்தான் போன வாரம் போனில் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பதில் இல்லை. அப்படியே அவரிடம் சொல்லிவிடு. மற்றபடி நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது, நீ எழுதினால்தான் தெரியும்.

ஆனால் ஒன்று, அக்கா. ஏழும் ஒரே பாட்டு என்று அத்தானுக்குச் சொன்னவள் நான். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்து மலிவுக் கம்பெனிகள் ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளை மளிகைக் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்து விற்றன. உறையில் பெரிய பாடகரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே அவர் பாடியது இரண்டே பாட்டு, மிச்சமெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் வாசித்தது, அதையே அடுத்த வருஷம் வேறொரு குழுவின் பெயரைப் போட்டு, வேறொரு பெண்ணைச் சிரிக்கவைத்துப் படமெடுத்து, புது உறையில் திரும்ப விற்பார்கள். நானும் புதுசு புதுசு என்று வாங்கி ஏமாந்து, நாலாவதில்தான் பிடித்தேன், மிச்ச மூன்றும் தெரிந்தே தேடி வாங்கியது. மூன்றாவது பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் ஒரு கணம் நிற்கும், பிறகு பியானோ தனியாகத் தொடங்கும். அந்த இடம் வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்துவிடுவேன். சரியாக அந்த நிசப்தத்தில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். பியானோக்காரரின் முக்காலி! ஏழு இசைத்தட்டு, ஏழு குழுப் பெயர், ஒரே முக்காலி. நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. நீ வீடு மாறும்போது என் தலையில் கட்டிய மர நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டு நோட்டில் குறித்தேன். இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. கல்லூரியில் புள்ளியியல் படித்தது வீண்போகவில்லை.

நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் இசைத்தட்டுச் சங்கத்துக்கு ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் செயலாளர். முதல் பதிப்புகளை மட்டுமே சேர்ப்பார், கையுறை இல்லாமல் தொடமாட்டார். சங்கத்து அலமாரியில் மலிவுச் சரக்குக்கு இடமில்லை என்பது அவர் போட்ட சட்டம். போன கூட்டத்தில் கிறீச் கதையைச் சொல்லி என் ஏழுக்கும் அதில் இடம் கேட்டேன்.

"இதெல்லாம் சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கத்தாம்மா லாயக்கு" என்றார்.

"உங்க முதல் பதிப்பும் சூடு பட்டா வளையத்தான் செய்யும், டாக்டர்" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சுருக்கென்றது. "சரி, அடுத்த கூட்டத்துல நிரூபிங்க. அந்தக் கிறீச் எங்க காதுல விழுந்தா அலமாரியில ஒரு அடுக்கு உங்களுக்கு. விழலைன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது."

அந்தக் கூட்டம் நாளைக்கு. அடுக்கு எனக்காக இல்லை, அக்கா. ஏழு பொய்ப் பெயர்களில் வாசித்த மனிதருக்கு உட்கார ஓர் இடம் வேண்டாமா?

அத்தானுக்கு என் வணக்கம், உன் முழங்காலுக்கு என் அன்பு. நான் ஜெயித்தாயிற்று என்றே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது. மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. இன்று நடந்தது இதுதான். பிளேயர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் இசைத்தட்டில் கிறீச் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. "எங்கேம்மா உங்க முக்காலி? விறகுக்குப் போயிடுச்சா?" என்றார் டாக்டர். நான்காவதில் அவர் தலையைச் சாய்த்துக் கேட்கத் தொடங்கினார். ஏழாவது முடிந்ததும், "மறுபடி முதல்லேருந்து போடுங்க" என்றார். போட்டேன். "பியானோ ஆரம்பிச்ச உடனே ஒரு கட்டை தப்பா விழுது பாருங்க. ஏழுலயும் அதே தப்பு. ஒரே ஆளுதாம்மா!" நான் இருபத்தொரு முறை கேட்டும் என் காதில் விழாத தப்பு அது. அடுக்கு கிடைத்தது. பதிவேட்டில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் டாக்டர் தன் பெயரை எழுதிக்கொண்டார். நான் ஏழையும் என் கையாலேயே அடுக்கில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நீ கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்தேன்.

கிறீச் என்றது.