உப்புச் சப்பாத்தி

இனி ஆயுசுக்கும் தன்னை யாரும் சமையலறைப் பக்கம் கூப்பிடக் கூடாது என்று கரமனை ஹரிஷங்கர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தார்.

காரணம், அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி. "இனிமே ஞாயித்துக்கிழமை கொழந்தேளை வெச்சுண்டு நீங்கதான் சமைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். குழந்தைகள் என்றால் மூன்று வயது இரட்டையர். ஞாயிறு போனால் அவருடைய தூக்கம் போச்சு. மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. கெடுத்துவிடத் தைரியம் இருந்தது. ஒரே ஒரு தரம் வாயில் வைக்க முடியாதபடி சமைத்துவிட்டால், அவளே துரத்திவிட மாட்டாளா?

மறுநாள் காலை ஸ்ரீலக்ஷ்மி குடையை எடுத்தாள். "சாலைக்கடை மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வரேன். சப்பாத்தி பண்ணி வையுங்கோ, கேட்டோ."

வெளியே அவசரமே இல்லாத மழை. சமையலறை முழுக்கச் சாம்பல் வெளிச்சம். ஜானவியும் சுமந்தும் மாவுத் தாம்பாளத்தின் முன் சப்பணமிட்டார்கள்.

"உப்புப் போடு கண்ணா."

"எவ்ளோ?"

"கை நிறைய!"

ஜானவி போட்டாள். சுமந்த் போட்டான். பொறாமையில் ஜானவி மறுபடி போட்டாள். ஹரிஷங்கருக்கு மனசு இனித்தது.

அப்புறம் என்ன ஆயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. மாவு பறந்தது. பொன்முடி மலையில் இறங்கும் மஞ்சுபோல மெல்ல மெல்ல மூன்று தலையிலும் இறங்கியது. நாலு பிஞ்சுக் கைகள் தப்தப்பென்று தட்டின.

"இது ஆனை."

"இது பூனை."

"இது அப்பா" என்று ஜானவி காட்டியது உருண்டையாக இருந்தது.

கல்லில் ஆனை உப்பியது, பூனை சிவந்தது. ஹரிஷங்கர் திட்டத்தை மறந்தார், மணியை மறந்தார். மழைக்குள் எங்கோ மிதந்தபடி, அடுத்த மிருகத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஸ்ரீலக்ஷ்மி. கையில் பை இல்லை. குடையில் ஈரம் இல்லை. கன்னத்தில் தலையணைக் கோடு.

"சாலைக்கடையிலே மழை இல்லையா?"

"யார் கண்டா? மாடியிலே ஓமனாச் சேச்சி ஆத்துலே தூங்கினேன். இப்படித் தூங்கி மூணு வருஷமாச்சு."

ஆனையின் காதைப் பிய்த்து வாயில் போட்டாள். அவருக்கு அப்போதுதான் உப்பு ஞாபகம் வந்தது. இதோ துப்பப் போகிறாள்.

துப்பவில்லை. "நன்னாருக்கே!"

"உப்பு?"

"உப்பு ஜாடியிலே காலம்பரவே அரிசி மாவை ரொப்பிட்டேன். 'உப்பைக் கை நிறையப் போடு கண்ணா'ன்னு ராத்திரி பூரா தூக்கத்துலே சொல்லிண்டிருந்தேளே!"

"அப்போ இது..."

"உப்புச் சப்பில்லாத சப்பாத்திதான். நாரங்கா ஊறுகாய் இருக்கே, தொட்டுண்டாப் போச்சு."

அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அடுக்களை கிடக்கிற கிடையைப் பாரு!"

"பார்த்தேன். அடுத்த ஞாயிறு பூரி" என்று துணியைக் கையில் கொடுத்தாள்.

சாப்பாடு ஆனதும் அவள் குழந்தைகளோடு படுத்துவிட்டாள். ஹரிஷங்கர் முட்டி போட்டு மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை பட்டுத் தாம்பாளம் கணீரென்று உருண்டது. வாசற்படியில் ஜானவி, உதட்டில் விரலோடு.

"அப்பா, சத்தம் போடாமத் தொடை. அம்மா தூங்கறா."