சுலக்சன் தாடி வீழ்ந்த காதை

வாழ்க, பனிக்களம் ஆண்ட பெருந்தகை! வெக்ஸ்போர்ட் புறநகர் ஈன்ற வேகக்காற்று, நானூறு கோல் அடித்த வளைதடி வேந்தன், முன்பல் மூன்றை எதிரிகளுக்கு ஈந்த வள்ளல், ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி அணித் தலைவன் சுலக்சனின் புகழ் பாட வந்தோம், செவி தாருங்கள்!

ஐந்து வயதில், அயலார் கழித்துவிட்ட பெரிய சறுக்குச் சப்பாத்துக்குள் மூன்று சோடிக் காலுறை திணித்துக் களம்புகுந்தவன். இருபதில் தொழில்முறை அணியில் சேர்ந்தவன். முப்பதில் தலைமை ஏற்றவன். வெற்றிக் கிண்ணம் ஒன்றுதான் இன்னும் கைக்கு வரவில்லை. இவ்வாண்டு அதற்கு ஒரேயொரு வெற்றி மீதி, அந்த ஆட்டமும் நாளை மாலை.

இறுதிச்சுற்று முடியுமட்டும் முகம் மழியாமை ஹொக்கி மறவர்தம் தொல்மரபாதலின், ஏழு வாரமாய்க் கன்னம் கடந்து கழுத்திறங்கித் தேங்காய்த் தும்பென அடர்ந்து நின்றது தலைவனின் திருத்தாடி. அதில் கத்தி பட்டால் கிண்ணம் போய்விடும் என்று அவன் உறுதியாக நம்பினான்.

அந்தோ! தங்கை கஜனிக்கு இன்று கலியாணம். மாப்பிள்ளையை மண்டப வாசலில் கால்கழுவி எதிர்கொள்ளும் தோழன், பெண்ணின் அண்ணன் அல்லனோ? பட்டுச்சேலை சரசரக்க, சவரக்கத்தி ஏந்திய கையினளாய்க் குளியலறை வாயிலில் தோன்றி முழங்கினாள் அன்னை தவமணி:

"செத்த வீட்டுக்காரன் மாதிரித் தாடியோடயோ தங்கச்சியின்ர கலியாணத்தில நிக்கப்போறாய்? ஆர் மோசம் போனதெண்டு சனம் என்னையெல்லோ கேக்கும்! வழிச்சுப்போட்டு வா!"

"நாளைக்குத் தோத்தா ஆரம்மா பொறுப்பு?" என்று கர்ச்சித்துக் கதவடைத்தான் தலைவன்.

நூறு கிலோ எதிரிகளைப் பனிக்களத்துப் பலகைச் சுவரோடு நசுக்கிய தோள் உள்ளிருந்து கதவைத் தாங்க, காப்பணிந்த கை வெளியிலிருந்து இடிக்க, அதட்டலும் கெஞ்சலும் அழுகையும் மாறிமாறிப் பாய, அரைமணி நேரம் நடந்தது அக்கொடும்போர். இறுதியில் தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி மோனை, நீ இஞ்சையே நில். பெரியப்பான்ர மோன் கிருபன் தோழனா வரட்டும். அவன் வடிவா வழிச்சுக்கொண்டு வந்து நிக்கிறான்."

ஐயகோ, தன் தங்கைக்கு இன்னொருவன் அண்ணனாக நிற்பதோ! வெந்தது வீரன் நெஞ்சு. கதவு திறந்தது, கத்தி கைமாறியது, ஏழு வாரத் தவம் கைகழுவும் தொட்டியில் கொத்துக்கொத்தாய் வீழ்ந்தது. கண்ணாடியைப் பார்த்து அவன் உண்மையாகவே அழுதான்.

மேளம் அதிர, மண்டப வாசலில் காரினின்று இறங்கினான் மாப்பிள்ளை கீதன். பொன்னிழைத் தலைப்பாகையின்கீழ், அடேயப்பா, கருங்காடெனத் தாடி!

"மச்சான், உங்கட டீம் வெல்லுமட்டும் வழிக்கமாட்டனெண்டு சத்தியம் பண்ணினனான். ஏழு கிழமை! அம்மா கத்திப் பாத்தா, நான் விடேல்லை. ஐயோ, நீங்கள் ஏன் வழிச்சனீங்கள்?"

சம்பந்தியர் குழாம் புடைசூழ, ஆரத்தித் தட்டொளியில் முகம் மலர்ந்து அருளினாள் தவமணி: "மாப்பிள்ளைக்குத் தாடி என்ன வடிவாக் கிடக்கு!"

பனிக்களம் பிளக்க எழவேண்டிய வெஞ்சினம் தலைவன் தொண்டைவரை வந்து, ஐயரையும் வீடியோக்காரரையும் நானூறு விருந்தினரையும் கண்டு அங்கேயே அடங்கிற்று.

சுலக்சன் செம்பை எடுத்துக் குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான்.