மேற்படி கனகம்

என் முதல் கதையை ஊரார் முன்னால் வாசித்தபோது யாரும் கண்ணீர் விடவில்லை. ஒருவர் மட்டும் விலைக்குக் கேட்டார். கதையை இல்லை, கதையில் வந்த வீட்டை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. அரியலூரில் பத்திரம் எழுதுவது என் தொழில். வயது இருபத்தைந்து. பகலெல்லாம் பிறருடைய கிரயத்தையும் பாகப்பிரிவினையையும் எழுதிக் கொண்டிருந்த கை, திடீரென்று ஒரு கதை எழுதியது. கனகம் என்றொரு பெண். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு ரயிலேறி அரியலூரில் இறங்குகிறாள். தாய்வீட்டில் அண்ணன், ‘திரும்பிப் போ’ என்கிறான். திரும்பிப் போகிறாள். நாலே பக்கம். (அமர இலக்கியத்துக்கு நாலு பக்கம் தாராளம் என்று எனக்கு ஒரு நினைப்பு.)

திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. “கதை நன்று. ஆனால் ரொம்பக் கட்டை. எட்டுப் பக்கமாக வளர்த்துப் பத்து நாளில் அனுப்பினால் ஆண்டு மலரில் சேர்க்கலாம்.”

அந்தக் கார்டில் ‘கதை நன்று’ என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கடைத்தெருவில் அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. வாசகசாலைக் காரியதரிசி உடனே, “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம வாசகசாலையில நீங்களே படிச்சிடுங்க சார்” என்றார். அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஒப்புக்கொண்டேன்.

வளர்க்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. கனகம் இறங்கினாள், போனாள், திரும்பினாள். இதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியவில்லை. நாலு பக்கத்தை எட்டாக்க வேறு வழியில்லாமல், எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். கனகத்தின் தாய்வீட்டை வர்ணித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை நிரம்பி வழிந்தது. ஜன்னலோரம் பெண்கள். அவர்களில் என் மனைவி செல்லம்மாளும் இருந்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“கனகத்தின் தாய்வீடானது, கிழமேலாக ஓடும் வீதிக்கு வடக்கு, கோவிந்தன் மனைக்குத் தெற்கு, பொதுக்கிணற்றுக்கு மேற்கு, புளியமரத்துக்குக் கிழக்கு, இந்த நான்கெல்லைக்குள்பட்ட ஓட்டு வீடும், அதன் நிலை கதவும், மாமூல் நடைபாதைப் பாத்தியமும் கொண்டதாகும்.”

முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். மூன்றாம் பக்கத்திலிருந்து கதாநாயகி ‘மேற்படி கனகம்’ ஆகிவிட்டிருந்தாள். எழுதும்போது அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அண்ணன் விரட்டும் உச்சகட்டம் வந்தது. நா தழுதழுக்க வாசித்தேன்.

“மேற்படி கனகம், சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் அழுதாள்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தா.பழூர்க்காரர் ஒருவர் எழுந்தார். நெல் வியாபாரமாக வந்து, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று உள்ளே உட்கார்ந்தவர். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“தம்பி, எனக்கு டவுன்ல ஒரு வூடு வேணும். அந்தப் பொதுக்கெணத்துல தண்ணி எடுக்குற பாத்தியம் வூட்டோட சேந்து வருதுங்களா? வில்லங்கம் ஒண்ணும் இல்லையில்ல?”

“ஐயா, இது கதைங்க.”

“கதையா இருக்கட்டும் தம்பி. வூடு யார் பேர்ல இருக்கு?”

மீதிப் பக்கங்களை நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. காரியதரிசி நன்றி சொல்லும்போது என்னை ‘சார்’ போடாமல் பெயர் சொல்லி முடித்தார்.

மறுநாள் காலை, கதையை அடுப்பில் போடும் உத்தேசத்தோடு அடுப்படிக்குப் போனேன். செல்லம்மாள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக் கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“ஏங்க, கெணறு எந்தப் பக்கம், புளியமரம் எந்தப் பக்கம்னு எல்லாம் போட்டீங்க. அந்தப் பொண்ணு கையில என்ன எடுத்துக்கிட்டு வந்தான்னு போடலையே?”

“என்ன எடுத்துக்கிட்டு வருவா? துணிமணிதான்.”

“கோவிச்சுக்கிட்டுக் கெளம்புறவ துணிமணியா எடுப்பா? நான் போன தையில உங்ககூட சண்ட போட்டுக்கிட்டு செட்டிகுளம் போனேனே, என்ன எடுத்துக்கிட்டுப் போனேன் தெரியுமா? இந்த அருவாமணைய.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூன்று நாளும் நான் கத்தரிக்காயைக் கையால் பிய்த்துப் போட்டுத்தான் குழம்பு வைத்தேன். அரிவாள்மணையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்திருப்பார் என்று அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன். அவள் திரும்பி வந்த மறுநாள் அது பழைய இடத்தில் இருந்தது. எனக்குத் தேடத் தெரியவில்லை என்று அவள் சொன்னாள், நானும் நம்பினேன்.

“எதுக்கு அத எடுத்துக்கிட்டுப் போன?”

“நான் இல்லாம நீங்க சிரமப்படணும்னுதான். வேற எத எடுத்தா உங்களுக்குத் தெரியப் போவுது?” இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நறுக்கினாள். “பழைய பொடவையில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். எங்கண்ணன் வாசல்லயே வெச்சு கேள்வி மேல கேள்வி. அண்ணி ஒண்ணும் கேக்கல. மூட்டைய வாங்கி அவுத்தாங்க. அத எடுத்துக்கிட்டுப் போயி அவங்க அருவாமணைக்குப் பக்கத்துல வெச்சாங்க. அதுவரைக்கும் நான் அழுவல. அப்பதான் அழுவ வந்துச்சு.”

கத்தரிக்காய் முழுவதும் நறுக்கி முடியும்வரை நான் அங்கேயே நின்றேன். நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவன், எதிர்வீட்டின் நான்கெல்லையையும் மனப்பாடமாகச் சொல்வேன். இவள் எதற்கு அழுவாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று பத்திரம் எழுதப் போகவில்லை. எல்லைகளை அடித்தேன். மேற்படியை அடித்தேன். கனகத்தின் இடுப்பில் அரிவாள்மணை சுற்றிய ஒரு துணி மூட்டையை வைத்தேன். அவ்வளவுதான், அவள் தானாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். ரயிலில் பக்கத்தில் இருந்தவள் மூட்டையில் என்ன என்று கேட்டாள். கனகம் பொய் சொன்னாள். அதற்கே ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. அண்ணன், ‘திரும்பிப் போ’ என்றான். அண்ணி மூட்டையை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். கனகம் திரும்பிப் போகவில்லை. எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பக்கம், இரண்டு வரி. பத்தாம் நாள் தபால் எடுக்கும் முன் போய்ச் சேர்த்தேன்.

கதை ஆண்டு மலரில் ஒரு வரிகூட வெட்டாமல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கதை எழுதிவிட்டேன். இன்றும் மார்தட்டிச் சொல்லிக்கொள்வது அந்த ஒன்றைத்தான். அதிலும் எந்த இடம் என்னுடையது இல்லையோ, அந்த இடத்தைத்தான். செல்லம்மாள் மலரைச் செட்டிகுளத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடம் படித்துக் காட்டினாள். இந்த முறை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பிள்ளைகள் பெரியவர்களாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எனக்கும் செல்லம்மாளுக்கும் வாக்குவாதம் முற்றினால் யாரும் சமாதானம் பேச வருவதில்லை. மருமகள்களில் ஒருத்தி எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்:

“இருக்குது மாமா. நீங்க சண்டையப் போடுங்க.”