காற்றைக் கலக்கத் தெரியாத காம்பவுண்டர்

முப்பது வருஷக் காம்பவுண்டர் வேலையில் நான் மருந்து கொடுத்துக் கொன்றது ஒரே ஒரு ஜீவனைத்தான். அது ஒரு மோட்டார் ஸ்கூட்டர். (டாக்டர் கையில் போனவர்களை என் தலையில் கட்ட வேண்டாம். சீட்டில் அவர் எழுதியதைக் கலக்கிக் கொடுத்தவன் நான், அவ்வளவுதான்.) இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

ஒரு தொழிலில் கொஞ்சம் பெயர் வாங்கியவனுக்கு ஒரு வியாதி வருவதுண்டு. தன் தொழில் வார்த்தை வேறு எங்கே காதில் விழுந்தாலும், அங்கேயும் தானே வாத்தியார் என்று நினைத்துக்கொள்வான். என் வார்த்தை ‘மிக்சர்’. அந்தக் காலத்தில் மிக்சர் என்றால் எங்களுக்கு முதலில் பலகாரக் கடை ஞாபகம் வராது, டிஸ்பென்சரிதான் வரும். காய்ச்சல் மிக்சர், இருமல் மிக்சர், வயிற்று மிக்சர். பாட்டிலில் ஊற்றி, பல் பல்லாக வெட்டிய காகிதத்தை மேலே ஒட்டி, ஒரு பல்லுக்கு ஒரு வேளை என்று சொல்லிக் கொடுப்போம். மதுரை மேலமாசி வீதியில் எங்கள் டாக்டரிடம் பத்து வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் கலக்கினால் அடியில் மண்டி தங்காது என்று ஊரே பேசும். ஊர் என்றால் டாக்டரும் நானும்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். கொட்டகைத் துணி, பூட்ஸ், தகர டப்பா என்று எல்லோரும் வாங்கிக்கொண்டிருக்க, எங்கள் டாக்டர் ஒரு மோட்டார் ஸ்கூட்டரை எடுத்துவந்தார். தையல் மெஷினுக்குச் சக்கரம் வைத்தால் எப்படியோ அப்படி இருக்கும். பின்னால் கொல்லனைக் கொண்டு ஒரு கேரியர் அடித்தார். அதில் மருந்துப் பெட்டியும், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும்.

அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து அவுன்ஸ் ஆயில். பஸ் ஷெட்டில் மெக்கானிக் வேலை பார்த்த பாய் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அவுன்ஸ் கிளாஸைக் கையில் எடுத்தேன். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளந்து, பெட்ரோல் டின் மேல் பல்லு வெட்டிய காகிதமும் ஒட்டினேன். ‘குலுக்கிவிட்டு உபயோகிக்கவும்’ என்று ஒரு சீட்டும் ஒட்டினேன். (சிரிக்க வேண்டாம். அந்த ஒன்று மட்டும்தான் நான் சரியாகச் செய்தது.)

இந்த நேரத்தில்தான் சமயநல்லூர் விஷயம் வந்தது. அங்கே ஒரு பண்ணையார், ரோட்டை ஒட்டி இருந்த தம் கட்டடத்தை டிஸ்பென்சரிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்ப்பது, மற்ற நாளெல்லாம் நானே அங்கிருந்து கவனித்துக்கொள்வது என்று ஏற்பாடு. கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு அறை, சமையல்கட்டு, தனிக் கிணறு. அது எங்களுக்கு.

தனிக் கிணறு என்பதை இன்று படிக்கிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவீர்கள். நானும் என் மனைவியும் அப்போது ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். ஆறு குடித்தனத்துக்கும் ஒரே குழாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி அந்தக் குழாயடியில் சண்டை போட்டே தண்ணீர் பிடித்தவள். சமயநல்லூர் செய்தியைச் சொன்ன அன்றைக்கு அவள், “நமக்கே நமக்கா?” என்று மூன்று தரம் கேட்டாள். மறுநாளே அண்டா குண்டாவைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். குழாயடியிலும் சொல்லிவிட்டாள். எனக்கும் ஒரு கனவு இருந்தது. கிராமத்து ஜனங்கள் காம்பவுண்டர் என்று கூப்பிட மாட்டார்கள், டாக்டர் என்றே கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குள், ராகு காலம் பிறக்கும் முன், டாக்டர் வந்து உட்கார்ந்து பண்ணையார் வீட்டம்மாளின் நாடியைப் பிடித்துத் தொடங்கி வைக்க வேண்டும். அதுதான் பண்ணையார் போட்ட ஒரே கண்டிஷன்.

அதற்குப் பத்து நாள் முன்பு, வண்டியைத் துடைக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். எஞ்சின் பக்கத்தில் பித்தளையில் ஒரு சின்ன டப்பா. கார்பரேட்டர் என்பார்கள். பெட்ரோல் அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். அந்த டப்பாவுக்குப் பக்கவாட்டில் ஒரு வாய், மூடியே இல்லாமல் திறந்து கிடந்தது. பட்டாளத்தில் எவனோ மூடியைத் தொலைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். திறந்த வாயோடு ஒரு பாட்டில் இருந்தாலே எனக்குத் தூக்கம் வராது. திண்டுக்கல் ரோட்டுப் புழுதி முழுக்க இதற்குள் போனால் என்ன ஆகும்? நல்ல மருந்துப் பஞ்சாக எடுத்து, காஸ் துணியில் சுற்றி, வாயில் வைத்து, பிளாஸ்திரி போட்டுக் கட்டினேன். புண்ணுக்குக்கூட அவ்வளவு அழகாக நான் கட்டுப்போட்டதில்லை.

மறுநாளிலிருந்து வண்டி கருப்பாகப் புகைவிட்டது. இருமியது. மேட்டில் திணறியது, நின்றது. பிளக்கைக் கழற்றினால் ஈரமாக, அடுப்புக்கரியாக இருந்தது. டாக்டர், “என்னய்யா இது, இழுப்புக்காரன் மாதிரி மூச்சு வாங்குது?” என்று கேட்டார். வண்டியை பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். எழுந்து வரவில்லை. “ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேக்கிறேன்” என்றார். கேட்டார்.

“மிக்சர் ரிச்சா இருக்கு தம்பி. கொறைக்கணும். இந்த பஸ்ஸை முடிச்சுட்டு வாரேன், இருங்க.”

“மிக்சர்தானே பாய்? நானே பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் என்னை நானே ஓர் அறை அறைய வேண்டும் போல இன்னும் தோன்றுகிறது. எந்த மிக்சர், எதைக் குறைப்பது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாய் சொன்னது, அந்தப் பித்தளை டப்பாவுக்குள் பெட்ரோலும் காற்றும் சேருகிற மிக்சரை. பெட்ரோல் அதிகம், காற்று குறைச்சல் என்று அர்த்தம். காற்றைக் கலக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. பாட்டிலில் ஊற்ற முடியாத எதையும் நான் கலந்ததில்லை. எனக்குத் தெரிந்த மிக்சர் டின்னில் இருந்தது. அதில் கெட்டியான சரக்கு ஆயில். ஆகவே ஆயிலைக் குறைத்தேன்.

பத்து அவுன்ஸ் எட்டாயிற்று. புகை நிற்கவில்லை. எட்டு ஐந்தாயிற்று. அப்போதும் நிற்கவில்லை. மருந்து கேட்காத நோயாளியைப் போல அது என்னைப் பார்த்தது. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டே அவுன்ஸ் ஊற்றினேன். நல்ல நாளாயிற்றே என்று பழைய பஞ்சை எடுத்துவிட்டு, புதுப் பஞ்சாக இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்துக் கட்டினேன்.

எட்டரைக்குக் கிளம்பினோம். டாக்டர் வெள்ளை டிரில் கோட்டும் தொப்பியும். நான் சலவை வேட்டி. வீட்டு வாசலில் என் மனைவி சாக்குக்குப் பக்கத்தில் நின்று, “சாயங்காலம் மாட்டு வண்டி சொல்லிரவா?” என்று கேட்டாள். சொல்லு என்றேன்.

விளாங்குடி தாண்டுவதற்குள் வண்டி மூன்று தரம் நின்றது. மூன்றாவது தரம் எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. வயலில் நின்ற நாலைந்து பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் காக்கி நிஜார் போட்டிருந்தான். பெயர் சோலை என்று பின்னால் தெரிந்தது. யுத்தத்தில் நாலு வருஷம் பட்டாளத்து லாரிக் கொட்டகையில் வேலை செய்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவன். அவன் புகையை ஒரு தரம் மோந்து பார்த்தான்.

“ஸார், மிக்சர் ரிச்சா இருக்கு. காத்துப் பத்தல. ஒரு நிமிசம் குடுங்க, கார்பரேட்டரப் பாத்துருவோம்.”

அவன் கையை நீட்டினான். அவன் ஊருக்கு வெளியே குடியிருக்கிற ஜனத்தைச் சேர்ந்தவன் என்பது சுற்றி நின்றவர்கள் விலகி நின்ற தோரணையிலேயே தெரிந்தது. நான் சொன்னேன்: “தள்ளி நில்லு. டாக்டர் வண்டி. மிக்சரைப் பத்தி எனக்கே பாடம் சொல்றியா?”

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். வெள்ளைக்கார ஆபீசர்களின் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய கை அது. அதை நாற்றங்கால் சேறு காய்ந்த கை என்று மட்டும்தான் நான் பார்த்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னய்யா, அவன் பாக்கட்டுமே?”

“அஞ்சு நிமிஷம் ஸார். மருந்து அடியில தங்கியிருக்கு. குலுக்கினால் சரியாயிடும்.”

குலுக்கினோம். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, நான் கேரியரைப் பிடித்துக்கொள்ள, வெள்ளிக்கிழமை காலையில் திண்டுக்கல் ரோட்டில் இரண்டு படித்த மனிதர்கள் ஒரு ஸ்கூட்டரை இருமல் மருந்து போலக் குலுக்கினோம். ஒரு கிழவர் என்ன வேண்டுதல் என்று பக்கத்தில் இருந்தவரை விசாரித்தார்.

அதற்குள் எஞ்சின் கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும். கிளம்பிவிட்டது. நான் சோலையைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் இரண்டு பர்லாங். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. பின் சக்கரம் சுற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மருந்துப் பெட்டி எங்கள் இருவர் மேலும். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து ஒரு பெரிய பாட்டில் இருந்தது. அதில் பாதி டாக்டரின் வெள்ளைக் கோட்டிலும் மீதி அவர் முகத்திலும் போயிற்று.

சோலை ஓடிவந்தான். டாக்டரைத் தூக்கி நிறுத்தினான். இந்தத் தடவை யாரும் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. கார்பரேட்டரிடம் குனிந்து, பிளாஸ்திரியைப் பிரித்து, பஞ்சை இழுத்தான். கோயில் திரி மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

“இத யாரு ஸார் வச்சது? வண்டி மூச்சு விடுற எடம்ல இது.”

பிறகு டாங்கில் ஒரு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தான். “ஆயிலும் பேருக்குத்தான் இருக்கு. பிஸ்டன் பிடிச்சிருச்சு. இனி இது நகராது.”

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊதா முகத்தோடு மெதுவாகச் சொன்னார்:

“இம்புட்டு நாளா நீ கலக்கின மருந்தைத்தானேய்யா அம்புட்டுப் பேருக்கும் குடுத்துக்கிட்டிருக்கேன்.”

மாட்டு வண்டி பிடித்துச் சமயநல்லூர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. வாழை மரம் கட்டி, பந்தல் போட்டிருந்தார்கள். ஊதா டாக்டரைப் பார்த்ததும் பண்ணையார் வீட்டம்மாள் உள்ளே எழுந்து போய்விட்டாள். பண்ணையார் மரியாதையாக மோர் கொடுத்தார். நடந்ததை எங்களை ஏற்றிவந்த மாட்டு வண்டிக்காரன் அதற்குள் வாசலில் நின்றவர்களிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தான்.

“தப்பா நெனைக்காதீக டாக்டரு” என்றார் பண்ணையார். “வண்டிக்கு மூக்கு எது வாயி எதுன்னு தெரியாத காம்பவுண்டர வச்சு, வாரத்துல அஞ்சு நாளு எங்க சனம் மருந்து குடிக்கணும்ங்கிறீக. பொறவு பாப்பம்.”

அந்தப் பொறவு வரவே இல்லை. கட்டடத்தை உர மூட்டை அடுக்கக் கொடுத்துவிட்டார்.

சோலை அந்த ஸ்கூட்டருக்கு வேறு பிஸ்டன் தேடிப் போட்டு ஓட வைத்தான். டாக்டர் பிறகு கார் வாங்கியபோது அவனையே டிரைவராக வைத்துக்கொண்டார். கடைசி வரை அவன் என்னைக் ‘காம்பவுண்டரய்யா’ என்றுதான் கூப்பிட்டான். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை ஒரு நாளும் எடுத்ததில்லை. ஒரு தரமாவது எடுத்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவனாக எடுக்கட்டும் என்று காத்திருந்தவன் நான்.

டாக்டர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருஷம், நான் கலக்கிய ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்து பார்த்த பிறகே நோயாளியிடம் கொடுத்தார். நோயாளிகளின் முன்னாலேயே. அதுவும் ஒரு வைத்திய முறை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலில் மாட்டு வண்டி நின்றது. என் மனைவி சாக்கைப் பாதி ஏற்றிவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. சாக்கை இறக்கி, கட்டை அவிழ்த்து, ஒரு குடத்தை வெளியே எடுத்தாள். “தண்ணி நிக்கிற நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். எல்லோரிடமும் சொல்லிவிட்ட குழாயடி அது.

பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு இது எங்கள் குடும்பத்தில் வேடிக்கைக் கதையாகிவிட்டது. திண்டுக்கல் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பஸ் சமயநல்லூரை நெருங்கும்போது என் மனைவி, “எல்லாரும் எந்திரிங்க, நம்ம வீடு வருது” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். தெரியாதவர்கள் நிஜமாகவே எழுந்து வழிவிடுவார்கள். போன மாதம் அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது எங்கள் கடைசிப் பெண்ணின் புருஷன், வீட்டுக்குப் புது மாப்பிள்ளை, விவரம் புரியாமல், “அப்ப ஏன் அத்தை இறங்கல?” என்று கேட்டுவிட்டார்.

“உங்க மாமா இன்னும் மிக்சர் கொறைச்சுக்கிட்டு இருக்காக மாப்ள” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரவை வந்து, விளாங்குடி வந்து, மதுரைக்குள் நுழைந்த பிறகும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.